அளவறிந்த காவல்

மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் சூட்டி மாங்கபே என்றொரு சாம்பல் நிறக் குரங்கு வாழ்கிறது. எய்ட்ஸ் வைரஸின் உறவான எஸ்.ஐ.வி. இந்தக் குரங்குகள் பலவற்றின் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். மனிதரிடம் காணப்படும் ஹெச்.ஐ.வி.யின் இரண்டாம் வகை இந்தக் குரங்கிடமிருந்து வந்ததுதான். உடலில் இவ்வளவு வைரஸ் இருந்தும் மாங்கபேக்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது. அதே வைரஸ் ஆசியாவைச் சேர்ந்த ரீசஸ் குரங்கின் உடலில் புகுந்தால், அந்தக் குரங்கு எய்ட்ஸ் முற்றி இறந்துபோகிறது. மாங்கபேயின் எதிர்ப்பாற்றல் வலுவானது, ரீசஸ் குரங்கினுடையது பலவீனமானது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 2009-இல் வெளிவந்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறான விடையைத் தந்தன. தொற்றிய முதல் நாட்களில் இரண்டு குரங்குகளும் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை வேகமாகச் சுரக்கின்றன. மாங்கபேயின் உடல் சில வாரங்களில் அந்தக் கிளர்ச்சியைத் தணித்துவிடுகிறது. ரீசஸ் குரங்கின் உடலுக்கு அதைத் தணிக்கத் தெரியவில்லை. மாதக்கணக்கில் ஓயாமல் தொடரும் அந்தக் கிளர்ச்சியே அதன் நோயெதிர்ப்புச் செல்களைத் தேய்த்து அழிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. முக்கியமான சில செல்களில் வைரஸ் எளிதில் நுழைய முடியாதபடி மாங்கபே வேறு தகவமைவுகளையும் பெற்றிருக்கிறது. ஆனாலும் வைரஸை ஒழிக்காமலேயே ஓர் உயிரினம் நலமாக வாழ முடிகிறது என்பது சிந்திக்க வேண்டிய செய்தி.

இன்டர்ஃபெரானைச் சுரந்து, கிருமி நுழைந்த சில நிமிடங்களில், சில மணி நேரங்களில் வேலையைத் தொடங்கும் அமைப்புக்கு இயல்பு நோயெதிர்ப்பு என்று பெயர். தோலும் சளிப்படலமும், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களும், கிருமியின் சுவரைத் துளைக்கும் சிறு புரதங்களும், காய்ச்சலும் வீக்கமும் இதில் அடங்கும். ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே அடையாளம் கண்டு, ஆன்டிபாடி உருவாக்கி, நினைவில் வைத்துக்கொள்ளும் பெறப்பட்ட நோயெதிர்ப்பு மிகவும் பிந்தியது. முதுகெலும்புள்ள விலங்குகளிடம் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. புதிய கிருமி ஒன்றை எதிர்த்து அது முழு வேகம் பெறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். இதனால் இயல்பு நோயெதிர்ப்பைப் பழைய, முரட்டுத்தனமான முதல் அரண் என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவது பாடநூல்களின் வழக்கம். சந்தையோ அதைக் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பொடிகளையும் பானங்களையும் மாத்திரைகளையும் விற்கிறது. எதிர்ப்பு கூடக் கூட உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையே இந்த இரண்டுக்கும் அடித்தளம். உயிரினங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலும் சரி, நோய்களின் போக்கை ஆராய்ந்தாலும் சரி, சான்றுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கவில்லை. உரிய நேரத்தில் எழுவது, தேவைக்கு மேல் போகாமல் இருப்பது, வேலை முடிந்ததும் அடங்குவது ஆகிய மூன்றிலும்தான் இயல்பு நோயெதிர்ப்பின் திறமை இருக்கிறது. இவற்றில் எது பிசகினாலும் நோய்தான்.

இந்த அமைப்பின் தொன்மையிலேயே அதன் ஆபத்தும் எழுதப்பட்டிருக்கிறது. 1882-இல் சிசிலித் தீவின் மெசீனா நகரில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரிகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்க வந்த செல்கள் அவை. ஆன்டிபாடியே இல்லாத ஓர் உயிரிலும் பாதுகாப்பு இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. 1908-இல் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த பெரிய பாடத்தைக் குதிரைலாட நண்டு சொன்னது. ஒடிசாக் கடற்கரையிலும் காணப்படும் இந்த வகை உயிரிகள் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக உருவம் அதிகம் மாறாமல் வாழ்ந்து வருபவை. அவற்றின் நீல ரத்தத்தில் சில வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்னும் பொருள் துளி கலந்தாலும் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். காயத்தின் வாயிலேயே கிருமியைச் சிறைப்பிடிக்கும் ஏற்பாடு இது. ஊசி மருந்துகளில் அந்த நச்சு இருக்கிறதா என்று சோதிக்க மருந்துத் தொழிற்சாலைகள் இந்த உறைதலைத்தான் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் இந்தச் சோதனை முறைக்கு வித்திட்ட ஃபிரெடரிக் பேங் 1956-இல் விவரித்தது, இந்த உறைதலால் நண்டுகள் இறந்துபோனதைத்தான். பாக்டீரியா உடலுக்குள் பரவியபோது ரத்தம் உடலெங்கும் உறைந்தது. காயத்தில் நடந்தால் உயிரைக் காக்கும் அதே வினை, உடல் முழுவதும் நடந்தபோது உயிரைப் பறித்தது. தொற்றுக்கான எதிர்வினை கட்டுமீறும் செப்சிஸ் மனிதருக்கு முற்றும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களில் நடப்பதும் இதை ஒத்ததே.

கிருமி நுழைந்ததை உடல் எதைக் கொண்டு உணர்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. கிருமிகளுக்கே உரிய, மனித உடலில் இல்லாத, எளிதில் மாற முடியாத சில வேதி வடிவங்களை உணரும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே 1989-இல் ஊகித்தார். விடை பழ ஈயிடமிருந்து வந்தது. ஈயின் கருவளர்ச்சியில் பங்கு வகிக்கும் மரபணு என்று மட்டும் அறியப்பட்டிருந்த டோல் பழுதானால் அந்த ஈ பூஞ்சை பிடித்து இறந்துவிடுகிறது என்று பிரான்ஸில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வுக்குழு 1996-இல் காட்டியது. மறு ஆண்டே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடாவும் அதன் உறவான மரபணுவை மனிதரிடம் கண்டனர். பிறகு இதே குடும்பத்தின் தடம் எங்கெல்லாமோ தென்பட்டது. மனிதருக்குப் பத்து டோல் ஏற்பிகள்; ஊதா நிறக் கடல் முள்ளெலி ஒன்றுக்கு இருநூறுக்கும் மேல். இந்த ஏற்பிகளின் ஒரு பகுதியை ஒத்த புரதத் துண்டுகள் தாவரங்களிலும் பாக்டீரியாக்களிலும்கூட இருக்கின்றன. வைரஸ் தாக்கிய பாக்டீரியா தன்னையே அழித்துக்கொண்டு தன் கூட்டத்தைக் காப்பாற்றும் உத்திகளில் சில, மனித செல் வைரஸை உணரும் வழிகளுக்கு மூதாதை என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. தற்காப்புக்கும் தற்கொலைக்கும் இடையிலான நெருக்கம் அவ்வளவு பழையது.

எண்டோடாக்சினை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த கதையில் என் வாதத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எலி வகைகளில் ஒன்றுக்கு எண்டோடாக்சினை எவ்வளவு ஏற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. மற்ற எலிகளைக் கொல்லும் அளவும் அதை அசைப்பதில்லை. நச்சை வெல்லும் பாக்கியசாலி என்று அதை நினைக்கலாம். ஆனால் சால்மோனெல்லா போன்ற உயிருள்ள பாக்டீரியாக்கள் தொற்றினால் மற்ற எலிகளைவிட எளிதில் இறப்பதும் அதுதான். அதன் நான்காம் டோல் ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதை புரூஸ் பாய்ட்லரின் குழு 1998-இல் கண்டறிந்தது. எண்டோடாக்சின் தானாக எந்தத் திசுவையும் அரிப்பதில்லை. அதை உணர்ந்த உடல் எழுப்பும் எதிர்வினைதான் நச்சாகிறது. அந்த உணர்வை முழுவதும் அகற்றினால் நச்சு தீண்டாது, ஆனால் கிருமி தின்றுவிடும். உடலைக் காப்பதும் கொல்வதும் ஒரே புரதம் என்றான பிறகு, அதைக் கூட்டுவதா குறைப்பதா என்ற கேள்விக்கே பொருளில்லை. எப்போது, எவ்வளவு என்று மட்டுமே கேட்க முடியும். அந்த அளவை ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே அமைத்துக்கொண்டிருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் எண்டோடாக்சின் போதும், மனிதருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடும். எலியைக் கொல்வதற்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். எலியிடம் வென்ற செப்சிஸ் மருந்துகள் மனிதரிடம் தோற்றதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

அளவு மீறினால் இவ்வளவு ஆபத்து என்றால், இயற்கைத் தேர்வு இந்தக் கூர்மையை ஏன் மழுங்கடிக்கவில்லை? நியாயமான மறுப்பு இது. களத்துமேட்டில் இரவுக் காவல் இருப்பவர் வெறும் சலசலப்புக்கு ஒன்பது முறை எழுந்து பார்த்தால் தூக்கம்தான் கெடும்; பத்தாவது முறை எழாமல் போனால் ஓர் ஆண்டின் விளைச்சல் போய்விடும். தொற்று நோய்கள் பாதிக் குழந்தைகளை வளரும் முன்பே கொண்டுபோன உலகில், பொய் எச்சரிக்கைக்கும் எழும் உடலே பிழைத்து வாரிசைத் தந்தது. இதற்கு மனித மரபணுக்களிலேயே தடயம் உண்டு. துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியர் ஆகியோரிடையே காணப்படும் மத்தியதரைக் குடும்பக் காய்ச்சல் என்னும் பரம்பரை நோயில், கிருமி எதுவும் இல்லாமலே காய்ச்சலும் வயிற்று வலியும் மீண்டும் மீண்டும் வரும். பைரின் என்னும் உணர்விப் புரதத்தின் மரபணு மாற்றம் அதற்குக் காரணம். பிளேக் பாக்டீரியா பைரினை அடக்கித்தான் உடலை வெல்கிறது. மாறிய பைரினை அதனால் அவ்வளவு எளிதாக அடக்க முடிவதில்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிளேக்கிலிருந்து காத்திருக்கக்கூடிய மாற்றத்துக்கு இன்றைய சந்ததி காய்ச்சலாக விலை கொடுக்கிறது. தாவரங்களும் விலை கொடுக்கின்றன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் பல கிருமிகளையும் எதிர்த்து நிற்க வைக்கிறது. ஆனால் அந்தச் செடியின் இலைகள் சிறுத்து, வளர்ச்சி குன்றிவிடுகிறது. ஓயாத விழிப்பு வளர்ச்சியைத் தின்றுவிடும் என்பது விலங்குகளுக்கு மட்டும் உரிய விதி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இந்த விலையை வேறு வழியில் குறைத்துக்கொண்ட விலங்கு வௌவால். 2018-இல் கேரளத்தில் பலரைக் கொன்ற நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வருவது; அந்த வௌவால்களுக்கு அது நோயாவதில்லை. எபோலாவின் உறவான மார்பர்க் வைரஸையும் சில வௌவால்கள் அப்படியே சுமக்கின்றன. மனித செல் வைரஸைக் கண்டபிறகு கிளர்ந்தெழுகிறது. கறுப்புப் பழந்தின்னி வௌவாலின் செல்களோ இன்டர்ஃபெரானைச் சிறிதளவு எப்போதும் சுரந்துகொண்டே இருக்கின்றன. வைரஸ் பெருகத் தொடங்கும் முன்பே தடை தயாராக இருக்கிறது. அதே வேளையில் அழற்சியை மூட்டும் பாதைகள் தணித்து வைக்கப்பட்டுள்ளன. செல்லுக்குள் இடம் தவறிக் கிடக்கும் டி.என்.ஏ.வை உணரும் ஸ்டிங் புரதத்தில் வௌவால்களுக்குப் பொதுவான ஒரு மாற்றம் இருப்பதால் அதன் எதிர்வினை மட்டுப்படுகிறது என்று 2018-இல் தெரியவந்தது. அழற்சியைப் பற்றவைக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்னும் அமைப்பும் வௌவாலிடம் அடங்கியே இருக்கிறது என்று சிங்கப்பூரின் லின்ஃபா வாங் குழுவினர் 2019-இல் காட்டினர். வைரஸ் மிகுதியாக இருந்தும் அழற்சி குறைவாகவே இருந்தது. பறப்பதற்கு எரிக்கும் ஆற்றல் செல்களுக்குள் சேதம் விளைவிப்பதால், ஒவ்வொரு சேதத்துக்கும் கிளர்ந்தெழாத உடலே வௌவாலுக்கு ஏற்றதாயிற்று என்பது ஒரு கருதுகோள். சைபீரியாவில் பிடிபட்ட ஏழு கிராம் எடையுள்ள ஒரு வௌவால் குறைந்தது 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. அந்த நீண்ட ஆயுளிலும் இந்தத் தணிவுக்குப் பங்கு இருக்கலாம்.

வௌவாலை வியந்து பேசுபவர்கள் மறக்கும் ஒன்று உண்டு: அதுவும் நோயால் சாகிறது. வெறிநாய்க்கடி வைரஸ் வௌவாலையும் கொல்லும். 2006 முதல் வட அமெரிக்காவில் பரவிய வெண்மூக்கு நோய் லட்சக்கணக்கான வௌவால்களை அழித்தது. குளிர்கால உறக்கத்தில் உடல் வெப்பமும் எதிர்ப்பும் தாழ்ந்திருக்கும்போது ஒரு பூஞ்சை அவற்றின் தோலில் படர்ந்தது. வௌவால் கண்ட அளவு வைரஸ்களோடு வாழ்வதற்கான அளவு. குளிரில் வளரும் பூஞ்சைக்கு அது போதவில்லை. ஆகவே வௌவாலைப்போல் நம் அழற்சியையும் மட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று எளிதாக முடிவுகட்ட முடியாது. எந்த அளவும் எல்லா எதிரிக்கும் பொருந்தாது. ஒவ்வோர் இனமும் தான் வாழும் சூழலின் எதிரிகளை வைத்தே தன் அளவைக் கண்டுகொள்கிறது. வௌவாலின் தோல்வி என் வாதத்தைக் குலைக்கவில்லை. அடக்கமும் அளவின் ஒரு பகுதிதான், அதுவே முழுமை அல்ல என்று அதைத் திருத்தமாகச் சொல்ல வைக்கிறது.

மனித நோய்களில் இந்தப் பிசகின் மிகக் கொடிய வடிவம் செப்சிஸ். தொற்று ஒன்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, தன் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை அது. 2017-இல் உலகில் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அந்த ஆண்டு இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் என்று பொருள். எதிர்வினைதான் கொல்கிறது என்றால் அதை அடக்கும் மருந்து காப்பாற்ற வேண்டுமே? அந்த நம்பிக்கையில் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. அழற்சியின் தலைமைத் தூதான டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. நான்காம் டோல் ஏற்பியை அடைக்க வடிவமைத்த எரிடோரான் 2013-இல் வெளியான பெரிய சோதனையில் இறப்பைக் குறைக்கவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது கிளர்ச்சியின் முதல் அலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பலருடைய உடல் அப்போது எதிர்க்கத் திராணியற்று ஓய்ந்தும் கிடக்கிறது. மிகையும் குறையும் ஒரே உடலில் அடுத்தடுத்தும், சிலபோது ஒருசேரவும் நிகழ்கின்றன. அவர்கள் அனைவருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்தது, நேரத்தைக் கணக்கில் எடுக்காத சிகிச்சை. அது தோற்றதில் வியப்பில்லை.

கொரோனா இதே பாடத்தை உலகமே பார்க்கும்படி நடத்தியது. உயிருக்குப் போராடும் அளவுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்ட 987 நோயாளிகளில் 101 பேருக்குத் தங்கள் இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன என்று 2020-இல் வெளியான ஆய்வு கண்டது. வேறு சிலருக்கு இன்டர்ஃபெரான் பாதையிலேயே பிறவிக் குறை இருந்தது. வைரஸ் நுழைந்த முதல் நாட்களில் எழ வேண்டிய தடை எழவில்லை. வைரஸ் தடையின்றிப் பெருகியது. இரண்டாம் வாரத்தில் பிந்தி எழுந்த அழற்சி நுரையீரலை நிறைத்தது. அதாவது தொடக்கத்தில் குறை, முடிவில் மிகை. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி சோதனை இதற்கு மருத்துவ உறுதி தந்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்து எந்தப் பயனும் தரவில்லை. அவர்களிடையே மருந்து பெற்றவர்களில் 17.8 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 14 விழுக்காட்டினரும் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், தீங்கின் சாயல் அதில் தெரிகிறது. ஒரே மருந்து, ஒரே வைரஸ். நோயின் கட்டம் மட்டும் வேறு.

அந்த வேறுபாட்டை மதிக்காததன் விளைவை இந்தியா 2021-இல் அனுபவித்தது. இரண்டாம் அலையின்போது தேவைக்கு முன்பும், தேவைக்கு மேலும், மருத்துவர் சீட்டு இல்லாமலும் ஸ்டீராய்டு பரவலாக உட்கொள்ளப்பட்டது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு ஒருபுறம், ஸ்டீராய்டு மறுபுறம் என்று ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. பூஞ்சையை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுக்களான நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் செயலற்றுப் போயின. சாதாரணமாக மண்ணிலும் காற்றிலும் இருந்து, நலமான மனிதரை ஒன்றும் செய்யாத பூஞ்சை, மூக்கு வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. கருப்புப் பூஞ்சை என்று பெயர் பெற்ற அந்த நோய்க்கு ஆளானவர்கள் சில மாதங்களில் 40,000-த்தையும் தாண்டினர். பலர் ஒரு கண்ணை இழந்தனர். பலர் உயிரையே இழந்தனர். அழற்சி கெட்டது, அதை அடக்குவது நல்லது என்ற பாதி உண்மையின் பலி இவர்கள். எதிர்ப்பைக் கூட்ட வேண்டும் என்ற மூடநம்பிக்கைக்கு மறுபக்கமாக, அதை அடக்கிவிட்டால் போதும் என்ற மூடநம்பிக்கையும் கொல்லும்.

நீண்ட நோய்களில் இந்த இருபுறக் கத்தியைக் காசநோயைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை. காசக்கிருமி குடியிருப்பது, அதைக் கொல்ல வேண்டிய மேக்ரோபேஜுக்குள்ளேயேதான். இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு நடத்தும் லலிதா ராமகிருஷ்ணனின் குழு, உடல் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் இந்தப் போராட்டத்தை நேரடியாகப் பார்த்தது. டி.என்.எஃப். குறைவாக இருந்தால் மேக்ரோபேஜால் கிருமியைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மிகையாக இருந்தால் மேக்ரோபேஜே வெடித்துச் சாகிறது. உள்ளே இருந்த கிருமிகள் வெளியே கொட்டிச் செழிக்கின்றன. 2010-இலும் 2012-இலும் வெளியான இந்த ஆய்வுகள், இரு எதிர்த் திசைகளில் சென்றும் ஒரே அழிவில் முடியலாம் என்று நிறுவின. மனிதரிடமும் இதன் ஒரு பக்கம் வெளிப்பட்டது. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் வந்தபோது வலியில் முடங்கியிருந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆனால் அவர்களில் சிலருக்கு உடலுக்குள் உறங்கிக்கொண்டிருந்த காசநோய் விழித்துக்கொண்டது. இந்த மருந்தைப் பெற்றுக் காசநோய்க்கு ஆளான 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-இல் வெளியானது. அதனால்தான் இன்று இந்த மருந்தைத் தொடங்கும் முன்பு மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று பார்க்கிறார்கள்.

தொற்றே இல்லாத நோய்களிலும் இதே கை இருக்கிறது. கிருமியை மட்டுமல்ல, சேதமடைந்த செல்லையும் இடம் தவறிய பொருளையும் இயல்பு நோயெதிர்ப்பு உணர்கிறது. மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களை என்.எல்.ஆர்.பி.3 உணர்ந்து அழற்சியை மூட்டுவதுதான் கீல்வாதத்தின் நள்ளிரவு வலி என்று 2006-இல் தெரிந்தது. ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கொழுப்புப் படிகங்களும் அதையே தூண்டுகின்றன. அப்படியானால் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்து மாரடைப்பைத் தடுக்க முடியுமா? ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் நடந்த கேன்டோஸ் சோதனை 2017-இல் விடை சொன்னது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுத்த மருந்து, குறிப்பிட்ட அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவற்றை 15 விழுக்காடு குறைத்தது. அதே மருந்தைப் பெற்றவர்களிடையே தொற்றால் இறந்தவர்கள் கூடினர். மொத்த இறப்பில் மாற்றமில்லை. இதயத்துக்குக் கிடைத்த லாபம் மறுபுறத்தில் செலவாகிவிட்டது.

இந்தக் கணக்கில் தமிழ் நிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மத்தியதரைக் குடும்பக் காய்ச்சலுக்கும் கீல்வாதத்துக்கும் தரப்படும் கால்சிசின், நியூட்ரோபில்களின் நகர்வையும் அழற்சி அமைப்புகள் ஒன்றுகூடுவதையும் தளர்த்தும் மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் அது கிடைக்கிறது. திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் அதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கால்சிசின் இதய நோயாளிகளின் அடுத்த பாதிப்பை 31 விழுக்காடு குறைத்தது என்று 5,522 பேரிடம் நடந்த சோதனை 2020-இல் அறிவித்தது. மாரடைப்பு வந்த உடனே தொடங்கிப் பார்த்த 2024-ஆம் ஆண்டின் பெரிய சோதனை ஒன்று பயன் எதையும் காணவில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்ற கேள்வி இங்கும் திரும்பி வருகிறது. அதே கிழங்கைத் தின்றால் மனிதர் இறந்துபோவர் என்பது நம் கிராமங்களுக்கு நன்றாகவே தெரியும். மருந்தாக இருக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது என்பதால், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொள்ளும் ஒருவர் கடைசியாக ஒன்றைக் கேட்கலாம்: இயல்பு நோயெதிர்ப்பைப் பயிற்றுவித்துக் கூட்ட முடியும் என்று அறிவியலே சொல்கிறதே? உண்மைதான். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட பிறகு வெள்ளணுக்களின் மரபணுக்கள் திறந்திருக்கும் பாங்கு மாறி, வேறு கிருமிகளுக்கும் வேகமாக எதிர்வினை காட்டுவதை நெதர்லாந்தின் மிஹாய் நெட்டேயாவும் அவருடைய கூட்டாளிகளும் காட்டியிருக்கிறார்கள். கினி-பிசாவ் நாட்டில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி.யை உடனே போட்டபோது முதல் மாத இறப்பு குறைந்தது. ஆனால் இந்தியாவில் 2,000 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் வேறு வகைப் பி.சி.ஜி.யைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வுகளில் அந்தப் பயன் தெரியவில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கு அதைப் போட்டால் கொரோனா குறையுமா என்று பார்த்த பன்னாட்டுச் சோதனையும் 2023-இல் இல்லை என்றே முடிந்தது. சென்னை கிண்டியில் 1948 முதல் தடுப்பூசி ஆய்வகமும், 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. சோதனையும் கண்ட நமக்கு, ஓரிடத்தில் பலித்த காப்பு இன்னோரிடத்தில் பலிக்காமல் போகும் என்பது புதிய செய்தி அல்ல. பயிற்சி பெற்ற வெள்ளணு அழற்சியையும் வேகமாகவே எழுப்பும்; ரத்தக் குழாய் நோய்களில் அது தீங்காகலாம் என்ற ஐயமும் ஆய்வில் இருக்கிறது. பயிற்சி என்பதும் அளவை ஒரு திசையில் நகர்த்துவதே; அந்தத் திசை எல்லாருக்கும் எப்போதும் நன்மை தருவதில்லை.

அளவை அறிந்து கையாளும்போது என்ன சாதிக்கலாம் என்பதற்குத் தடுப்பூசிகளே சாட்சி. பெறப்பட்ட நோயெதிர்ப்பு தானாக எழுவதில்லை. இயல்பு நோயெதிர்ப்பு ஆபத்தை உறுதிசெய்து சைகை காட்டிய பிறகே எழும். செயலிழந்த வைரஸ் மட்டும் போதாமல், கொரோனாத் தடுப்பூசியான கோவாக்சினில் ஏழாம், எட்டாம் டோல் ஏற்பிகளைத் தூண்டும் ஒரு சேர்மத்தையும் சேர்த்தது அதனால்தான். இங்கே எதிர்வினையைச் சற்றே உயர்த்தினார்கள். ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் எதிர்த் திசையில் போக வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை டோல் ஏற்பிகள் வைரஸ் என்று கருதிக் கொந்தளித்துவிடும். அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்றே மாற்றினால் அந்தக் கொந்தளிப்பு தணிகிறது என்று காத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் கண்டனர். 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு தடுப்பூசிக்குத் தூண்டல் தேவைப்பட்டது, இன்னொன்றுக்குத் தணிப்பு தேவைப்பட்டது. இரண்டும் ஒரே நோயை எதிர்த்தவை. கூட்டுவதே நன்மை என்ற கொள்கையால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் விளக்க முடியும்.

இந்த அறிவு நம் அன்றாடத்திடமும் மருத்துவத்திடமும் சில கடமைகளைக் கேட்கிறது. எதிர்ப்பைக் கூட்டுவதாகச் சொல்லும் எந்தப் பொருளிடமும் எதை, எவ்வளவு, யாருக்கு, எந்தச் சோதனையில் என்று கேட்க வேண்டும்; விடை இல்லாதபோது காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, நிறைவான உணவும் உறக்கமும், உரிய காலத்தில் தடுப்பூசி ஆகியவை பளபளப்பான பெயர் இல்லாத வழிகள். ஆனால் எதிர்ப்பு எழவும் அடங்கவும் தேவையான நிலையை உடலுக்குத் தருபவை அவைதான். காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, மனம் குழம்பினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அது செப்சிஸாக இருக்கலாம் என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே மணி நேரம்கூட அளவின் ஒரு பகுதி. மருத்துவமோ ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்ற பழக்கத்தைத் தாண்டி, இந்த நோயாளியின் எதிர்வினை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விரைவாக அளந்து சொல்லும் சோதனைகளைச் சாதாரண அரசு மருத்துவமனை வரை கொண்டுவர வேண்டும். செப்சிஸில் தோற்ற மருந்துகளில் சில, சரியான நோயாளிக்குச் சரியான மணியில் கொடுத்திருந்தால் உயிரைக் காத்திருக்கக்கூடும். அதைக் கண்டறியும் ஆய்வுகள் புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளைவிட மலிவானவை, ஏழை நாடுகளுக்கு அவற்றைவிட அவசரமானவை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வோர் இனமும் தன் உயிரைக் கொடுத்துக் கற்ற அளவை, நோயாளியின் படுக்கையருகே அளந்தறியும் கருவிகள் இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொதுப் பணமும் ஆய்வு உழைப்பும் அங்கேதான் முதலில் சென்று சேர வேண்டும்.